பார்வையை இழந்தவர் திறந்த பாதை: கேணல் எட்வின் பேக்கர்

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் வாழும் எம்மவருட் பலர் இத்தகைய காட்சியை ஒருமுறையேனும் கண்டிருப்பர். மாக்கம் வீதியும் லோறன்ஸ் அவெனியூவும் சந்திக்கும் இடம் போன்றதொரு பெருஞ்சந்தி. பேரூந்துகளும் பாரவூர்திகளும் ஓயாது இரையும் காலை வேளை. கையில் நீண்ட வெண்பிரம்புடன் ஒருவர் நடைபாதையின் ஓரத்தில் நிற்கின்றார். அவருக்குச் சில அடி பின்னால் இன்னொருவர் வாய் திறவாது நிற்கின்றார். வாகன இரைச்சல் ஒரு திசையில் அடங்கி மறு திசையில் எழுகின்றது. முன்னால் நிற்பவர் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டபின் பிரம்பை முன்னே வீசி வீதியைக் கடக்கின்றார். பின்னால் நின்றவரும் கைகொடாமல், குரல் கொடாமல் தொடர்ந்து செல்கின்றார்.

கண் தெரியாத ஒருவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லாமல் இவர் ஏன் பார்த்துக்கொண்டு நிற்கின்றார் என்று எம்முட் சிலர் உள்ளூரச் சினந்ததும் உண்டு. உண்மையில் அவர் தமது கடமையையே செய்துகொண்டிருக்கின்றார். விழிப்புலன் இழந்தோருக்குத் திசையறியவும் தனித்து நடமாடவும் கற்பிக்கும் நடமாட்டப் பயிற்சியாளர் அவர். கைநீட்டித் தடுக்கக்கூடிய தூரத்தில் நின்றுகொண்டு, ஆபத்து நேராதவரை கைநீட்டாமல் இருப்பதே அத்தொழிலின் கடினமான பகுதியாகும்.

இத்தொழிலுக்கு வயது எண்பதுக்குச் சற்று அதிகம். ஆயினும் பார்வையற்றவர் வீட்டு மூலையில் அமர்ந்திருக்க வேண்டியவர் அல்லர், அவர் வீதிக்கும் வேலைக்கும் உரியவர் என்ற எண்ணம் கனடாவில் வேரூன்ற வழிசெய்தோருள் முதன்மையாக வைத்து எண்ணப்படுபவர் கேணல் எட்வின் ஆல்பேட் பேக்கர் ஆவார். போரில் இரு கண்களையும் பறிகொடுத்த அம்மனிதரின் வாழ்வை, போரின் தழும்புகளைச் சுமந்துவந்த எமது சமூகம் அறிந்துகொள்வது பொருத்தமே.

பண்ணை வீட்டு மைந்தன்

ஒன்ராறியோ ஏரியின் கரையில், கிங்ஸ்ரன் நகருக்கு அண்மையில் உள்ள கொலின்ஸ் பே என்னும் ஊர்ப்புறத்தில் 1893ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் பேக்கர் பிறந்தார். பண்ணைச் சூழலில் வளர்ந்த அவர் கிங்ஸ்ரனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1914ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். நயாகரா நீர்வீழ்ச்சியின் ஆற்றலால் ஒன்ராறியோவின் நகரங்கள் ஒளிபெறத் தொடங்கிய காலம் அது. இளம் மின்பொறியியலாளர் ஒருவருக்கு எதிர்காலம் தெளிவாகத் தெரிந்த காலமும் அதுவே.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது. கட்டுமானம், பாலம், பதுங்குகுழி முதலிய பணிகளுக்கான கனடியப் பொறியியற் படையின் ஆறாம் கள அணியில் பேக்கர் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். 1915இல் அவரது அணி பெல்ஜியத்தின் போர்முனைக்கு அனுப்பப்பட்டது.

கெமல் குன்றின் அருகே

போர்முனையில் பொறியியற் படையினரின் வேலை பெரும்பாலும் இருளிலேயே நடைபெறும். பகலில் தலை தூக்கினால் குறிபார்த்துச் சுடுவோரின் குண்டுக்கு இரையாக நேரும். ஆகையால் இரவிலேயே முள்வேலி அடிப்பதும் அரண் திருத்துவதும் வழக்கம். 1915ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் நாள், கெமல் என்னும் இடத்தின் அருகே எதிரணியின் குறிசுடுநர் ஒருவர் ஏவிய ஒற்றைக் குண்டு பேக்கரின் இரு கண்களின் பார்வையையும் ஒருங்கே பறித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

போர்க்கள வீரத்துக்காகப் பிரித்தானியாவின் இராணுவச் சிலுவையும் பிரான்சின் போர்ச் சிலுவையும் அவருக்கு வழங்கப்பட்டன. பதக்கங்கள் பெருமை தரும். ஆனால் காலையில் எழுந்ததும் சப்பாத்து எங்கே இருக்கின்றது, கதவு எப்பக்கம், படி எத்தனை என்ற கேள்விகளுக்கு அவை விடை தரமாட்டா. மின்சுற்றுகளின் வரைபடங்களைக் கண்ணால் வாசித்த இளைஞர், கோப்பையில் தேநீர் எவ்வளவு நிறைந்தது என்பதைக்கூடப் புதிதாக அறியவேண்டிய நிலைக்கு ஆளானார்.

கம்பளம் காட்டிய வழி

இலண்டன் மாநகரின் றீஜன்ற்ஸ் பூங்காவில் 1915ஆம் ஆண்டில் செயின்ற் டன்ஸ்ரன்ஸ் என்னும் நிலையம் திறக்கப்பட்டிருந்தது. அதனைத் தொடங்கியவர் சேர் ஆதர் பியர்சன். பெரும் பத்திரிகை அதிபராக விளங்கிய அவர் கண்ணழுத்த நோயினால் பார்வையை இழந்தவர். பார்வையிழந்த படைவீரருக்கு இரக்கமும் பிச்சைக் காசும் வேண்டியதில்லை, பயிற்சியே வேண்டும் என்பது அவரது உறுதியான கொள்கை. போரில் கண்ணிழந்த பிரித்தானிய வீரருடன் கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் வீரர்களும் அங்கு கூடினர். பேக்கருக்கு முன்னரே அங்கு சென்ற கனடிய வீரர் அலெக்சாண்டர் வியற்ஸ். இவ்விருவரும் பின்னாளில் இணைபிரியாத் தோழராயினர்.

செயின்ற் டன்ஸ்ரன்சில் பிறெயில் எழுத்து, தட்டச்சு, தச்சுவேலை, கூடை பின்னுதல், சப்பாத்துத் திருத்துதல், கோழி வளர்த்தல், உடற்பிடிப்பு வைத்தியம் முதலியன கற்பிக்கப்பட்டன. அவற்றைவிட முதன்மையான பாடம் ஒன்று அங்கே இருந்தது. அது நடக்கக் கற்பது. பெரிய மண்டபங்களில் நீண்ட கம்பளத் துண்டுகள் பாதைகளாக விரிக்கப்பட்டிருந்தன. காலடியில் கம்பளம் படும்வரை வழி சரி, வெறுந்தரை பட்டால் வழி தவறியது என்று பொருள். வெளியே தோட்டத்தில் கைப்பிடிக் கம்பிகள் நாட்டப்பட்டிருந்தன. பூங்காவின் ஏரியில் பார்வையற்ற வீரர்கள் படகு வலித்தனர். மாலையில் நடனம் ஆடினர். எவரும் கைபிடித்து இழுத்துச் செல்லாத அச்சூழலில், இளைஞர்கள் சில வாரங்களிலேயே தாமாக உலாவப் பழகினர்.

பாதமும் செவியும் கையும் சேர்ந்து கண்ணின் வேலையில் பெரும்பகுதியை ஏற்கமுடியும் என்ற உண்மையைப் பேக்கர் அங்கு தமது உடலிலேயே கண்டறிந்தார். அவர் பிற்காலத்தில் கட்டியெழுப்பிய யாவற்றுக்கும் அத்திவாரம் அங்கேதான் இடப்பட்டது.

ரொறன்ரோவில் இரண்டாம் பிறப்பு

1916ஆம் ஆண்டில் பேக்கர் கனடா திரும்பினார். ஒன்ராறியோவின் நீர்மின் ஆணைக்குழு அவருக்கு ரொறன்ரோவில் வேலை கொடுத்தது. பொறியியலாளர் பட்டம் பெற்றவர் தட்டச்சாளர் மேசையில் அமர்ந்தார். எமது நாட்டில் ஆசிரியராகவும் கணக்காளராகவும் பொறியியலாளராகவும் இருந்துவிட்டு இந்நகரின் தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்கிய எம்மவருக்கு அந்த மேசையின் கனம் தெரியும். பேக்கர் அதனை இழிவென்று கருதியதாகத் தெரியவில்லை. பார்வையற்ற ஒருவர் மற்றையோருடன் ஒரே அலுவலகத்தில் ஒரே ஊதியப் புத்தகத்தில் இடம்பெற முடியும் என்பதை நிறுவும் முதல் வாய்ப்பாகவே அதனை ஏற்றார்.

அக்காலத்தில் கனடாவின் பார்வையற்றோருக்கு இருந்த வசதிகள் மிகச் சிலவே. ஹலிஃபக்ஸ், மொன்றியல், பிராண்ட்ஃபோர்ட் ஆகிய நகரங்களில் சிறுவர் பாடசாலைகள் இருந்தன. பள்ளிப் பருவம் கடந்தபின் பார்வையிழந்தவருக்கு எதுவும் இல்லை. 1906ஆம் ஆண்டு எட்கர் றொபின்சன் என்னும் பார்வையற்ற இளைஞர், இன்று எம்மவர் செறிந்து வாழும் மாக்கம் ஊரில், தமது வீட்டிலேயே புடைப்பெழுத்து நூல்களைச் சேர்த்து இலவச நூலகம் ஒன்றைத் தொடங்கினார். அந்நூலகம் பின்னர் ரொறன்ரோவுக்கு இடம்மாறிப் பணமுடையில் தத்தளித்துக்கொண்டிருந்தது. வியற்ஸும் பேக்கரும் வாசகராகச் சென்று அதன் நிலையைக் கண்டு நிர்வாகத்தில் இணைந்தனர். நூலகத்தைக் காப்பாற்றுவது மட்டும் போதாது, நாடளாவிய அமைப்பு ஒன்று வேண்டும் என்ற முடிவு அங்கு உருவாயிற்று.

ஹலிஃபக்ஸ் விபத்தும் புதிய நிறுவனமும்

அம்முயற்சி நடந்துகொண்டிருக்கையில் கனடாவின் வரலாற்றிலேயே மிகக் கொடிய விபத்து ஒன்று நேர்ந்தது. 1917ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் காலை, வெடிமருந்து நிறைந்த மொன் பிளான் என்னும் பிரெஞ்சுக் கப்பல் ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் இமோ என்னும் நோர்வீஜியக் கப்பலுடன் மோதித் தீப்பற்றியது. எரியும் கப்பலைப் பார்க்க மக்கள் தத்தம் வீட்டு யன்னல்களின் அருகே கூடினர். வெடிப்பு நிகழ்ந்த கணத்தில் நகரமெங்கும் யன்னற் கண்ணாடிகள் சிதறிப் பார்த்துக்கொண்டிருந்தோரின் முகங்களில் பாய்ந்தன. இரண்டாயிரம் பேரளவில் மாண்டனர். ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் காயமுற்றனர். நூற்றுக்கணக்கானோர் கண்களில் காயமுற்றனர். அவருட் பெண்களும் குழந்தைகளும் பலர்.

போர்முனைக்குச் செல்லாதவரின் கண்ணையும் போர் பறிக்கும் என்பதை கனடா அன்று கண்டது. ஷெல் வீச்சிலும் குண்டுவீச்சிலும் கண்ணிவெடியிலும் விழியிழந்த உறவுகளை உடைய எமக்கு இது புதிய செய்தி அல்ல.

போர்வீரருக்கு ஒரு நிலையம், பொதுமக்களுக்கு இன்னொன்று என்று பிரிக்காமல் யாவருக்கும் பொதுவான நிறுவனம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இவ்விபத்து வலுவூட்டியது. 1918ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் பார்வையற்றோருக்கான கனடிய தேசிய நிறுவனம் சட்டப்படி அமைக்கப்பட்டது. சீ.என்.ஐ.பி. என்ற எழுத்துகளால் இன்று யாவரும் அறிந்த நிறுவனம் அதுவே. தோற்றுவித்த எழுவருள் பேக்கர், வியற்ஸ், ஷேர்மன் ஸ்விவ்ற், சாள்ஸ் கரதேர்ஸ் உள்ளிட்ட பெரும்பான்மையோர் பார்வையற்றவர்கள். பார்வையுள்ள வணிகரான லூயிஸ் வூட் தலைவராக இருந்து பொருள் திரட்டினார்.

1919ஆம் ஆண்டு சேர் ஆதர் பியர்சன் ரொறன்ரோவுக்கு வந்தபோது, பார்வையிழந்த வீரரின் பயிற்சி நிலையத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. பெவர்லி வீதி 186ஆம் இலக்கத்தில் இன்றும் நிற்கும் அம்மாளிகை, கனடியக் கூட்டமைப்பின் தந்தையருள் ஒருவரும் குளோப் பத்திரிகையின் நிறுவனருமான ஜோர்ஜ் பிறவுணின் இல்லமாக இருந்தது. இதே காலத்தில் மத்திய அரசு, கண்ணிழந்த வீரரின் மறுவாழ்வுப் பொறுப்பைப் பேக்கரிடம் ஒப்படைத்தது. 1920ஆம் ஆண்டில் அவர் தேசிய நிறுவனத்தின் பொதுச் செயலாளரானார். அன்று தொட்டு 1962ஆம் ஆண்டு வரை, நாற்பத்திரண்டு ஆண்டுகள், அந்நிறுவனத்தின் நிர்வாகச் சுக்கான் அவர் கையிலேயே இருந்தது.

வீடு தேடிச் சென்ற ஆசிரியர்கள்

பார்வையிழந்தோர் நிலையத்தைத் தேடி வருவர் என்று காத்திருந்தால் ஒருவரும் வரமாட்டார் என்பதைப் பேக்கர் அறிந்திருந்தார். தனியே வெளியில் வரத் தெரியாதவர் எவ்வாறு வருவார்? ஆகவே ஆசிரியர்களே வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். வீட்டு ஆசிரியர் என அழைக்கப்பட்ட அவர்களுட் பெரும்பாலானோர் தாமும் பார்வையற்றவர்கள். இரயிலிலும் பேரூந்திலும் பண்ணைப் பாதைகளிலும் பயணம் செய்து அவர்கள் ஊர் ஊராகச் சென்றனர்.

பிறெயில் வாசிப்பு, சமையல், தையல், துணிமணிகளை இனங்காணுதல் ஆகியவற்றைக் கற்பித்தனர். வீட்டினுள் சுவரைப் புறங்கையால் வருடி நடப்பது, முற்றத்தைக் கடப்பது, கிணற்றடிக்கும் தபாற்பெட்டிக்கும் போய்வருவது என்று நடமாட்டத்தின் அரிச்சுவடியையும் சொல்லிக்கொடுத்தனர். அவர்களின் வருகையே ஒரு பாடமாயிற்று. கண் தெரியாத பெண்ணொருவர் துணையின்றிப் பயணம் செய்து வீட்டு வாசலில் வந்து நின்றபோது, இனி இவர் கதை முடிந்தது என்று ஒருவரை ஒதுக்கி வைத்திருந்த குடும்பத்தார் வாயடைத்து நின்றிருப்பர் என்பதை நாம் ஊகிக்கலாம். இன்றைய நடமாட்டப் பயிற்சியாளரின் மூதாதையர் கனடாவில் இவர்களே.

தொழில்வாய்ப்புக்காகப் பேக்கர் தொழிற்சாலை முதலாளிகளின் கதவுகளைத் தட்டினார். அரச கட்டடங்களிலும் ஆலைகளிலும் சிறு விற்பனை நிலையங்கள் பார்வையற்றோரின் பொறுப்பில் நடத்தப்பட்டன. வேலை கிடையாத முதியோருக்கு வருமானம் வேண்டும் என்பதற்காக அரசிடம் ஆண்டுக்கணக்காக வாதாடினார். அதன் பயனாக 1937ஆம் ஆண்டில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் திருத்தப்பட்டது. ஏனையோர் எழுபது வயது வரை காத்திருக்கவேண்டிய அக்காலத்தில், வறிய நிலையிலுள்ள பார்வையற்றவர் நாற்பது வயதிலேயே உதவி பெற வழி பிறந்தது. 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டம் அவ்வயதை இருபத்தொன்றாகவும், 1955ஆம் ஆண்டின் திருத்தம் பதினெட்டாகவும் குறைத்தன.

நீண்ட பிரம்பின் பிறப்பு

பிரம்புக்கு வெள்ளை நிறம் பூசும் வழக்கம் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பரவியது. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் பார்வையிழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர் 1921இல் தமது ஊன்றுகோலுக்கு வெள்ளை பூசினார். 1930ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரிலும் அமெரிக்காவின் லயன்ஸ் கழகங்களிலும் அவ்வழக்கம் இயக்கமாயிற்று. ஆனால் அப்பிரம்பு வாகன ஓட்டுநருக்கு அடையாளம் காட்டியதேயன்றி, அதை ஏந்தியவருக்கு வழி காட்டவில்லை. அது குறுகியது. தரையின் நிலையை முன்கூட்டி அறிய அது போதவில்லை.

இரண்டாம் உலகப் போர் மீண்டும் ஆயிரக்கணக்கான இளைஞரின் கண்களைப் பறித்தது. கனடிய வீரர் சிலர் ஹொங்கொங்கில் ஜப்பானியரின் சிறைமுகாம்களில் பட்டினியால் பார்வை நரம்பு கெட்டுத் திரும்பினர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வலி ஃபோர்ஜ் இராணுவ வைத்தியசாலையில் றிச்சட் ஹூவர் என்பவர் பணியாற்றினார். போருக்கு முன் பார்வையற்றோர் பாடசாலை ஆசிரியராக இருந்தவர் அவர். கண்ணைக் கட்டிக்கொண்டு தாமே நடந்து பார்த்து, 1944ஆம் ஆண்டளவில் புதிய முறை ஒன்றை வகுத்தார். பிரம்பு இலேசானதாகவும் நெஞ்செலும்பின் உயரம் அளவுக்கு நீண்டதாகவும் இருக்கவேண்டும். அதன் நுனி தோள் அகலத்தைச் சற்றே மீறி இடமும் வலமும் வீசப்படவேண்டும். வலக்கால் முன்செல்லும்போது நுனி இடப்புறம் தொடவேண்டும், இடக்கால் செல்லும்போது வலப்புறம். அடுத்த அடி விழவிருக்கும் இடத்தைப் பிரம்பு ஓர் அடிக்கு முன்பே சோதித்துவிடும். எளிய இவ்விதி உலகெங்கும் பார்வையற்றோரின் நடையை மாற்றியது.

1948ஆம் ஆண்டில் சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஹைன்ஸ் வைத்தியசாலையில் இம்முறையைக் கற்பிக்கும் நிலையம் எழுந்தது. அதன் தலைவர் றசல் வில்லியம்ஸ் தாமும் போரில் பார்வையிழந்தவர். 1960ஆம் ஆண்டில் பொஸ்ரன் கல்லூரியில் இதற்கெனப் பல்கலைக்கழகப் படிப்புத் தொடங்கியது. வீடு வீடாகச் சென்ற ஆசிரியரின் கைப்பழக்கம், பாடத்திட்டமும் தேர்வும் உடைய தொழிலாக உயர்ந்தது. பேக்கர் ஓய்வை அண்மித்த ஆண்டுகள் அவை.

உலக அரங்கிலும் தமிழிலும்

1951ஆம் ஆண்டில் பார்வையற்றோர் நலனுக்கான உலக மன்றம் அமைக்கப்பட்டபோது அதன் முதற் தலைவராகப் பேக்கர் தெரிவானார். 1964ஆம் ஆண்டுவரை அப்பதவியில் இருந்தார். பனிப்போர் உலகை இரண்டாகப் பிளந்திருந்த காலத்தில், பல நாடுகளின் பார்வையற்றோரையும் ஒரே மேசையில் அமர்த்துவது எளிதான செயலன்று.

எமது மொழிக்கும் இக்கதையில் ஓரிடம் உண்டு. செயின்ற் டன்ஸ்ரன்சில் பயின்றவருள் நியூசிலாந்தின் குளூத்தா மக்கென்சியும் ஒருவர். பேக்கர் பார்வையிழந்த அதே 1915ஆம் ஆண்டில் கலிப்போலிப் போர்முனையில் அவரும் பார்வையிழந்தவர். பின்னர் இந்தியாவின் டேராடூனில் கண்ணிழந்த இந்திய வீரரின் நிலையத்தை நடத்திய அவர், யுனெஸ்கோவின் சார்பில் பிறெயில் எழுத்துமுறைகளை ஒழுங்குபடுத்தும் பணியை ஏற்றார். தமிழுக்குப் பிறெயில் அதற்கு முன்னரே உண்டு. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் தொடங்கிய பாடசாலை அதற்குச் சான்று. ஆயினும் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் வெவ்வேறு குறியீடுகள் வழங்கிவந்தன. 1951ஆம் ஆண்டு இணக்கம் காணப்பட்ட பொதுமுறையிலேயே இன்று தமிழ்ப் பிறெயில் அமைந்துள்ளது. இலங்கையிலும் 1912ஆம் ஆண்டு மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பாடசாலையும், யாழ்ப்பாணத்தில் கைதடி நவீல்ட் பாடசாலையும் எம்மவருட் பலருக்கு எழுத்தறிவித்தன.

புகழுக்கு அப்பால்

பெரியோர் வாழ்வை எழுதுகையில் நிறைகளை மட்டும் அடுக்குவது நேர்மையாகாது. பேக்கரின் நிறுவனம் கனடாவின் பார்வையற்றோருக்கான பணிகள் ஏறக்குறைய அனைத்தையும் தன் கூரையின் கீழ் வைத்திருந்தது. நூலகமும் வேலையும் விடுதியும் பயிற்சியும் ஓரிடத்திலேயே என்றால், அவ்விடத்துடன் முரண்படுபவர் போக்கிடம் அற்றவராவார். 1970களில் எழுந்த பார்வையற்றோர் இயக்கங்கள் இதனைக் கடுமையாகக் கண்டித்தன. தருமத்தின் பெயரால் தம்மை ஆட்டுவிக்க வேண்டாம், உரிமையாகத் தருக என்று அவை கோரின. அமெரிக்காவில் புதிய நடமாட்டப் பயிற்சித் தொழில் தொடக்கத்தில் பார்வையுள்ளோரையே பயிற்சியாளராக ஏற்றது. பார்வையற்றவர் பார்வையற்றவருக்குக் கற்பித்த மரபிலிருந்து வந்த தொழில் அவர்களுக்கே கதவடைத்தமை பெரும் முரண். அக்கதவு பிற்காலத்தில் போராட்டத்தினாலேயே திறந்தது.

உரிமை கேட்போருக்கு நாட்டின் சட்டமும் வலுவூட்டியது. வெண்பிரம்பைப் பொது இடத்தில் ஏந்தும் உரிமையைப் பார்வையற்றோருக்கு மட்டுமே ஒன்ராறியோச் சட்டம் வழங்குகின்றது. வழிகாட்டி நாயுடன் வருபவரை உணவகமோ வாடகை வீடோ மறுக்க முடியாது. பார்வையற்ற சட்டத்தரணி டேவிட் லெபோவ்ஸ்கி ரொறன்ரோ போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு எதிராக 2005ஆம் ஆண்டில் நிலக்கீழ் இரயிலுக்காகவும், 2007ஆம் ஆண்டில் பேரூந்துகளுக்காகவும் மனித உரிமைத் தீர்ப்புகளைப் பெற்றார். மாக்கம் வீதிப் பேரூந்தில் ஒவ்வொரு தரிப்பின் பெயரும் இன்று உரக்க ஒலிப்பதன் காரணம் அதுவே. ஆங்கில எழுத்தை விரைந்து வாசிக்க இயலாத எமது முதியோருக்கும் அந்த ஒலி வழிகாட்டுவதை நாம் மறத்தல் ஆகாது.

பேக்கர் 1962ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். 1967ஆம் ஆண்டு, நாட்டின் நூற்றாண்டு நிறைவில் தோற்றுவிக்கப்பட்ட கனடிய உயர்விருதின் முதல்நிலை உறுப்பினராக மதிப்பளிக்கப்பட்டார். 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், பிறந்த ஊரான கொலின்ஸ் பேயிலேயே தமது எழுபத்தைந்தாம் வயதில் காலமானார். எழுபத்தைந்து ஆண்டுகளுள் ஐம்பத்திரண்டு ஆண்டுகளை அவர் ஒளியின்றி வாழ்ந்து முடித்தார்.

வோபர்னின் நடைபாதையில்

மீண்டும் நாம் அந்தச் சந்திக்கு வருவோம். அங்கே நடக்கும் பாடம் பல படிகளைக் கடந்து வந்தது. முதலில் வீட்டினுள் நடை. பின்னர் மாடிக் குடியிருப்பின் நீண்ட நடைக்கூடம், மின்தூக்கி, வாசற்கதவு. அடுத்து அமைதியான குறுக்குவீதி. புல்லும் நடைபாதையும் சேரும் விளிம்பைப் பிரம்பால் தொட்டுக்கொண்டே நேர்கோட்டில் நடப்பது. இறுதியிலேயே பெருஞ்சந்தி. பக்கவாட்டில் தம்முடன் ஒரே திசையில் செல்லும் வாகனங்கள் ஒருமிக்கப் புறப்படும் ஓசையே கடப்பதற்கான அறிகுறி. ஒலிச்சமிக்ஞை பொருத்திய சந்திகளில் வடக்குத் தெற்காகக் கடக்கக் குயிலோசையும், கிழக்கு மேற்காகக் கடக்க வேறோர் இசையும் ஒலிக்கும். மாரிகாலம் இவை யாவற்றையும் குழப்பும். கொட்டிய பனி நடைபாதையின் விளிம்பை மூடும், ஓசையையும் விழுங்கும். ஆதலால் பனியிலும் தனியே பயிற்சி தரப்படும்.

இப்பயிற்சி ஒன்ராறியோவில் அரச நிதியுடன் கட்டணமின்றி வழங்கப்படுகின்றது. 2017ஆம் ஆண்டு தொட்டு அதற்கெனத் தனி அமைப்பே இயங்கிவருகின்றது. முழுமையாகப் பார்வையிழந்தோருக்கு மட்டும் உரியதன்று இது. நீரிழிவாலும் கண்ணழுத்தத்தாலும் பார்வை மங்கிவருவோரும் பெறலாம். கண் வைத்தியரிடமோ குடும்ப வைத்தியரிடமோ கேட்டால் வழி காட்டுவர்.

ஆயினும் எமது குடும்பங்களில் வேறோர் வழக்கத்தைக் காண்கின்றோம். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்றதும் அடுப்படிக்குப் போகாதீர்கள், கதவைத் திறக்காதீர்கள், நாங்கள் வரும்வரை இருங்கள் என்று கட்டளையிடுகின்றோம். பிள்ளைகள் இருவேலை செய்கின்றனர். பேரப்பிள்ளைகள் பாடசாலையில். பத்தாம் மாடியில் அந்தத் தாய் ஒரே கதிரையில் பகலைக் கழிக்கின்றார். வெண்பிரம்பு ஏந்தினால் ஊர் என்ன சொல்லும், மகளின் திருமணப் பேச்சுக்கு இடையூறாகுமோ என்ற அச்சமும் உண்டு. இவை அன்பினாலும் கூச்சத்தினாலும் எழுபவை என்பதை நாம் அறிவோம். ஆனால் அன்பினால் பூட்டிய கதவும் பூட்டிய கதவே.

பார்வை மங்கிய ஒருவருக்கு உதவ விரும்புவோர் முதலில் செய்யத்தக்கது சிறியது. அவரது கையைப் பற்றி இழுக்காமல், எமது முழங்கைக்குச் சற்று மேலே அவர் பற்றிக்கொள்ள இடம் கொடுத்து, அரையடி முன்னே நடக்கலாம். படி வந்தால் ஏறுபடியா இறங்குபடியா என்று சொல்லலாம். வீட்டுத் தளபாடத்தைச் சொல்லாமல் இடம்மாற்றாதிருக்கலாம். வேண்டுமா என்று கேட்டபின்னரே உதவலாம்.

இந்நாட்டுக்கு வந்த முதல் நாட்களில் எந்தப் பேரூந்து, எந்தத் தரிப்பு, எந்தப் பக்கம் என்று அறியாமல் நாமும் தடுமாறினோம். எம்மை எவரேனும் வீட்டினுள் இருத்தி வைத்திருந்தால் இன்றும் அறியாமலே இருந்திருப்போம். வழிதவறியும் குளிரில் நின்றும் கேட்டும் கற்றுக்கொண்டோம். கெமல் குன்றின் அருகே விழியிழந்த இளைஞர் வேண்டியதும், வோபர்னின் மாடிக் குடியிருப்பில் கதிரையில் அமர்ந்திருக்கும் தாய் வேண்டுவதும் அந்த வாய்ப்பையே. சில அடி பின்னால் நிற்கும் பொறுமை எமக்கு வாய்க்குமாயின், அவர் தாமாகவே வீதியைக் கடப்பார்.